உப்பில்லாத கஞ்சி

தறியின் நெட்டிழையான பாவுக்குக் காய்ச்சுகிற கஞ்சியில் உப்பு போடக் கூடாது. உப்பு சேர்ந்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு இழை நமுத்துப்போகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஆயா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாவு நீட்டுகிற நாளில், விடியற்காலை நாலு மணிக்கே எங்கள் வீட்டு அடுப்பு எரியும். அரிசியைக் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குத் தண்ணீர் விளாவி ஆறவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மூன்று புடவைக்கான பாவு தெரு நீளத்துக்கு விறைப்பாக நிற்கும். அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆண்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் நின்று கஞ்சியைத் தெளித்து, உள்ளங்கையால் தடவி, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்துக்கொண்டே நடப்பார்கள். பட்டு இழை தலைமயிரைவிட மெலிசு. தறியில் ஏறினால் மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் அது அச்சுப்பல்லில் உரசியாக வேண்டும். “நூலும் நம்மள மாதிரிதாண்டி. கஞ்சி உள்ள போனாத்தான் நிமிந்து நிக்கும்” என்பார் ஆயா.

வடிகட்டின துணியில் தங்கிய திப்பியை அவர் வீணாக்கியதில்லை. அதில் உப்பு போட்டு, நாலு சின்ன வெங்காயத்தைத் தட்டிப்போட்டு எங்களுக்கு ஊற்றுவார். அதைக் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒரே பானையில் தெளிவு தறிக்கு, திப்பி வயிற்றுக்கு. கஞ்சி என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வெளியே எங்கும் போயிருக்கும் என்று அப்போது நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பிறகு நான் ஆங்கிலம் படித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். கல்லூரிக் காலத்தில் ஒரு நாள் நூலகத்தில் தடித்த பழைய அகராதி ஒன்று கைக்கு வந்தது. ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்று பெயர். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் தங்கள் பேச்சில் கலந்துகொண்ட சொற்களை எல்லாம் திரட்டி 1886-இல் வெளியிட்ட நூல். தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி யூல், ராணுவப் பொறியாளராக இருந்தவர். மற்றவர் ஏ.சி. பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். நூல் அச்சாகி வருவதற்கு நாலு வருஷம் முன்பே, 1882-இல், பர்னல் இறந்துவிட்டார். அந்தப் புத்தகத்தில் எங்கள் ஊர்ப் பெயரைத் தேடிக்கொண்டு போன என் விரல் ‘கஞ்சி’யில் நின்றது.

நின்றதற்குக் காரணம் எழுத்துக்கூட்டு. ஆங்கிலேயர் எங்கள் ஊரைக் ‘கான்ஜீவரம்’ என்று எழுதினார்கள். ரயில் நிலையப் பலகையிலும் அரசிதழிலும் அதே பெயர்தான் இருந்தது. பட்டுப் புடவைக்கு இன்றைக்கும் வடக்கே அந்தப் பெயர்தான் வழங்குகிறது. அதன் முதல் ஆறு எழுத்தையும், அவர்கள் கஞ்சிக்குப் போட்ட ஆறு எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. காஞ்சி என்றால் காஞ்சி மரம் என்பார்கள், இடையில் அணியும் ஒட்டியாணம் என்பார்கள். கஞ்சிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் வாயில் ஒரு காலெழுத்து இரண்டையும் பிரித்துவைத்திருக்கிறது. அந்தக் கால் ஆங்கிலத்தில் உதிர்ந்துபோனதில், கஞ்சி குடித்து வளர்ந்த எங்கள் ஊருக்குக் கஞ்சியின் பெயரே வாய்த்துவிட்டது. அன்று நூலகத்தில் அதை எழுத்து எழுத்தாகத் தொட்டுப் பார்த்தது இப்போதும் நினைவிருக்கிறது.

அகராதி அந்தச் சொல் தமிழிலிருந்து வந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறது. அரிசி வெந்த நீர், நோயாளிக்குக் கொடுப்பது, அதனால் நோயாளிக்குக் கொடுக்கிற நீர்த்த ஆகாரம் எதற்கும் அந்தப் பெயர். வண்ணார் துணிக்குப் போடுவதும் அதுவே. 1903-இல் வில்லியம் குரூக் திருத்திய இரண்டாம் பதிப்பில் ‘கஞ்சித் தொப்பி’ என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கஞ்சி போட்டு விறைக்கவைத்த இரவுத் தொப்பி. பகல் தூக்கத்துக்கு முன்னால் பம்பாய்த் துரை ஒருவர் அதை மாட்டிக்கொள்வாராம். கூடவே ரோமாபுரிக் கவிஞர் ஹோரஸ் வருகிறார். அவர் சொன்ன கதையில் ஒரு கருமி நோயில் விழுகிறான். வைத்தியர் அரிசிக் கஞ்சி குடிக்கச் சொல்கிறார். விலை என்ன என்று கேட்கிறான். எட்டுக் காசு என்றதும், நோயில் செத்தால் என்ன, கொள்ளை போய்ச் செத்தால் என்ன என்று புலம்புகிறான். அரிசி அன்றைக்கு அங்கே இறக்குமதிப் பண்டம். எங்கள் வீட்டில் கடைசிப் பிடிப்பாக இருந்த கஞ்சி, அங்கே பணக்காரன் கணக்குப் பார்க்கிற மருந்தாக இருந்திருக்கிறது.

அடுத்த பதிவுதான் என்னை உட்காரவைத்தது. ‘கஞ்சி வீடு’. ஆங்கிலச் சிப்பாய்களின் கொச்சை. படைப்பிரிவின் காவல் கொட்டடி என்று பொருள். உள்ளே போட்டவனுக்கு வழக்கமாகக் கொடுத்த ஆகாரத்தை வைத்து அந்தப் பெயர் வந்ததாம். 1835-ஆம் ஆண்டின் ராணுவ உத்தரவு ஒன்று, குடித்துவிட்டுப் பிடிபட்டவர்களைப் போதை தெளியும்வரை கஞ்சி வீட்டில் தனியாக அடைத்துவைக்கச் சொல்கிறது. கொச்சையாகப் பேசப்பட்ட சொல் அதற்குள் அதிகாரிகள் எழுதும் தாளிலேயே ஏறிவிட்டது.

அந்தச் சிப்பாய்கள் யார் என்று யோசித்துப் பார்க்க எனக்கு நாளானது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறிச் சென்னையில் இறங்கிய வெள்ளைப் படைகள் பூந்தமல்லி முகாமில் தங்கின. அங்கிருந்து ஆர்க்காட்டுக்குப் போகிற பாதை ஸ்ரீபெரும்புதூர் வழியாக எங்கள் பக்கம்தான் வருகிறது. இருபது வயதுப் பையன்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குச் சோறு என்றால் மாட்டிறைச்சியும் ரொட்டியும், ஆறுதல் என்றால் சாராயம். இரண்டையும் பிடுங்கிக்கொண்டு ஒரு குவளை அரிசித் தண்ணீரைக் கொடுத்தால் அதுவே தண்டனை. ஆகவே கஞ்சி என்றாலே அவர்களுக்குக் கம்பிதான் ஞாபகம் வந்திருக்கிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கொட்டடிக்கு வெளியே, அதே தண்ணீருக்காக வரிசையில் நின்றவர்கள் இருந்தார்கள். அதை அந்த அகராதி எழுதவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்.

கஞ்சி வீடு அங்கேயே நின்றுவிடவில்லை. பல வருஷம் முன்பு, பனாரஸிலிருந்து பட்டு வாங்க வந்த வியாபாரி ஒருவர் எங்கள் தெருவில் ஒரு மாதம் தங்கியிருந்தார். அப்போது எதிர்வீட்டு மாடு இரண்டு நாளாகக் காணோம். அவர் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், “காஞ்சி ஹவுஸ்ல பாருங்க” என்றார். காஞ்சியிலேயே இருந்துகொண்டு காஞ்சி ஹவுஸை எங்கே தேடுவது என்று யாருக்கும் புரியவில்லை. விசாரித்ததில் அது வடக்கே, தெருவில் திரிகிற மாட்டைப் பிடித்து அடைக்கிற இடம். நாம் பவுண்டு என்றும் பட்டி என்றும் சொல்வது. இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் எழுதிய இரண்டு காளைகளின் கதையில் ஹீராவும் மோதியும் அடைபட்டுப் பட்டினி கிடப்பது இந்தக் காஞ்சி ஹவுஸில்தான். மாட்டைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து இது வந்தது என்று சொல்வோரும் உண்டு. சிப்பாய்களின் கஞ்சி வீடுதான் கண்டோன்மென்டை விட்டு வெளியேறி இந்திக்குள் மாட்டுப் பட்டியாகிவிட்டது என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவதில்தான் மனம் நிற்கிறது. முதலில் குடித்த சிப்பாய், அப்புறம் வயலில் புகுந்த மாடு. இருவருக்கும் பூட்டு, இருவருக்கும் அரைவயிறு. சொல் அந்த வழியாகப் போவதுதான் இயல்பு.

இதையெல்லாம் படித்த நாளிலிருந்து மணிமேகலை எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தாள். வகுப்பில் அவள் கதையைக் கேட்டிருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன். புகார் நகரத்தில் அரசன் அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறபோது, அவள் சிறைச்சாலையை வேண்டிப் பெறுகிறாள். கைதிகளை விடுவித்து அதை அறச்சாலை ஆக்குகிறாள். அமுதசுரபியோடு அங்கே பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள். அந்தக் காதையின் பெயரே ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’. பிறகு அவள் வந்து சேர்கிற ஊர் எங்கள் கச்சி மாநகர். அப்போது இங்கே மழை பொய்த்துப் பஞ்சம். இங்கேயும் அமுதசுரபியை வைத்து எல்லோரையும் அழைக்கிறாள். கஞ்சி ஊற்றுகிற வீட்டைச் சிறை ஆக்கியது பட்டாளத்துப் பேச்சு. சிறையைச் சோறிடுகிற வீடாக்கினவள் காஞ்சிக்கு வந்தாள். காமாட்சி இரு நாழி நெல்லை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு அறமும் செய்தாள் என்று கோயிலில் சொல்கிற கதையும் இதே ஊர்க் கதைதான். எங்கள் ஆயா அதைத்தான் அடுப்படியில் சொல்வார். “ரெண்டு நாழியில அவ ஊருக்கே போட்டா. ஒரு படியில ஒரு தெருவுக்கு நாம போட முடியாதா?”

பட்டாளம் எங்கள் ஊருக்கு விட்டுப்போன நினைவு ஒன்று உண்டு. 1780 செப்டம்பர் 10. காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையைத் திப்புவும் ஹைதர் அலியும் அழித்தார்கள். உதவிக்குப் போக வேண்டிய ஹெக்டர் மன்றோ தன் படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தார். செய்தி தெரிந்ததும் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார். பள்ளிப் புத்தகத்தில் சண்டை இதோடு முடிகிறது. அதன் பிறகு என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியம். ஹைதரின் குதிரைப்படை போன வழியெல்லாம் பயிர் எரிந்தது, ஏரிகள் உடைந்தன, கிராமங்கள் காலியாயின. ஜனம் சென்னைக் கோட்டையைப் பார்த்து ஓடியது. 1782-இல் சென்னையில் பஞ்சம். வந்து விழுந்தவர்களுக்காக வடசென்னையில் ஒரு கஞ்சித் தொட்டி திறந்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்தில் மோனேகர் சவுல்ட்ரி ஆனது. பசித்து வந்தவர்களில் நோயாளிகளும் இருந்ததால் பக்கத்திலேயே வைத்தியமும் வந்தது. வைத்தியம் வளர்ந்து ஆஸ்பத்திரி ஆனது. அதுதான் இன்றைய ஸ்டான்லி. பெயர்ப் பலகை மாறி எத்தனையோ காலமாகியும் ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பெரியவர்கள் அதைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொன்னார்கள். எங்கள் பெரியம்மாவுக்கு அங்கேதான் ஆபரேஷன் நடந்தது. “கஞ்சித் தொட்டியில சேத்திருக்கு” என்று தந்தி வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் இடம் தெரிந்துவிட்டது.

ஆக, ஒரே சொல் இரண்டு வீடு கட்டிக்கொண்டது. பட்டாளம் கட்டியதில் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது. ஜனம் பெயர் வைத்ததில் கதவே இல்லை, தொட்டிதான். சத்திரம் திறந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 1876 முதல் 78 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் இந்த இரண்டும் கலந்துபோனதைப் பார்க்கிறோம். நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். அது உயிரைத் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்து எழுதினார். கஞ்சியை அளந்து ஊற்றுகிறவன் கையில் பூட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த இரண்டு வருஷத்தில் நம் ஜில்லாக்கள் அனுபவித்தன.

நெசவாளருக்கும் கஞ்சித் தொட்டிக்கும் உள்ள உறவை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. நூல் விலை ஏறி, நெய்த துணி தேங்கினால், முதலில் நிற்பது தறி, அடுத்து அடுப்பு. 1950-களின் தொடக்கத்தில் அப்படி ஒரு காலம் வந்தது. எங்கள் ஊரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, 1953-இல் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். தொண்டர்களையும் விற்கச் சொன்னார். அந்த நாட்களில் தொட்டிக்குப் போய் நின்றதை ஆயா ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். பாவுக்குக் கஞ்சி காய்ச்சின அதே சட்டியை எடுத்துக்கொண்டு போனாராம். கஞ்சி நன்றாகத்தான் இருந்ததாம். உப்பு மட்டும் இல்லையாம். “பாவுக்குப் போடற கஞ்சிய எனக்கு ஊத்தினானுங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயிற்றுக்குப் போகிற கஞ்சியில் உப்பு இருக்க வேண்டும் என்பதில் அவர் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சொல்லின் மற்றப் பயணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலேயருக்கு முன்பே போர்த்துகீசியர் அதை எடுத்துக்கொண்டார்கள். கோவாவில் மருத்துவராக இருந்த கார்சியா டா ஓர்டா 1563-இல் அச்சிட்ட மூலிகை நூலில், வாந்தி பேதி கண்டவர்களுக்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசித் தண்ணீர் கொடுப்பதைச் சொல்லி, அதன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார். வயிற்றுப்போக்கு வந்தால் இன்றைக்கும் நம் வீட்டில் கொடுப்பது அதுவே. போர்த்துகலில் அது ‘கான்ஜா’ ஆகி, கோழி சேர்த்துக் காய்ச்சுகிற சூப்புக்குப் பெயரானது. ஒரு வேலை மிகச் சுலபம் என்றால் அங்கே பேச்சுவழக்கில் “அது கான்ஜா” என்பார்கள். மென்று தின்னக்கூட வேண்டாம், குடித்தால் இறங்கிவிடும் என்பது உள்ளர்த்தமாக இருக்கலாம். பிரேசிலில் இன்னும் ஒரு படி போய்விட்டார்கள். அடுத்தவர் கச்சேரியில் ஒரு பாடகர் மேடையேறி, கூலி வாங்காமல் ஒரு பாட்டுப் பாடிவிட்டு இறங்கினால், அவர் ‘கான்ஜா கொடுத்தார்’. இந்தப் பொருள் எனக்கு மிகவும் பிடிக்கும். இலவசமாகக் கொடுப்பது என்பது மட்டும் அத்தனை கடல் தாண்டியும் அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை.

கீழ்த்திசையில் அது சீனக் கஞ்சிக்கு ஆங்கிலப் பெயராக நிலைத்தது. கான்டனீயர் தங்கள் மொழியில் அதை ‘ஜுக்’ என்கிறார்கள். ஆனால் ஹாங்காங்கில் ஆங்கிலத்தில் எழுதினால் நம் சொல்தான், சிங்கப்பூரிலும் பல கடைகளில் அப்படித்தான். என் தங்கை மகன் சிங்கப்பூரில் ஒரு கடைக்கு அழைத்துப் போனபோது, “பெரியம்மா, இது சீன வார்த்தை” என்றான். தமிழ் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. போனை எடுத்துத் தேடிப் பார்த்தான். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்திவைத்தான்.

ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் இடறுகிற இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜே-க்குப் பதில் ஜி போட்டும் கஞ்சியை எழுதுவார்கள். அதே எழுத்தில் இன்னொரு பழைய ஆங்கிலச் சொல் இருக்கிறது. வணங்கி விடைபெறுதல் என்று பொருள். பிரெஞ்சிலிருந்து வந்தது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒருவன் பிரபுவிடம் விடைபெற்றுக்கொண்டதை அந்தச் சொல்லால்தான் சொல்கிறான். பிறப்பால் இரண்டுக்கும் தொடர்பு இல்லை. பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லிவந்தேன், அதுவே சரி.

இப்போது எங்கள் தெருவில் பாவு நீட்டுவது அரிதாகிவிட்டது. இயந்திரத்தில் ஓட்டி, உருளையில் சுற்றிய பாவு வந்து இறங்குகிறது. வண்டிகள் நிற்கிற தெருவில் கொம்பு நட இடமும் இல்லை. போன தை மாதம் மூன்று வீடு தள்ளி ஒருவர், மகள் கல்யாணப் புடவையைத் தானே நெய்ய வேண்டும் என்று பழைய முறையில் பாவு போட்டார். கஞ்சிப் பதம் தெரிந்தவர்கள் யாரும் வீட்டில் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். நாலு மணிக்கு எழுந்து போய்க் காய்ச்சினேன். மசித்து வடிகட்டி, விளாவி, ஆறவைத்துக் கொடுத்தேன். இழை காய்ந்து, தட்டினால் டங்கென்று பேசுகிற பதத்துக்கு வந்தபோது மணி எட்டு. துணியில் திப்பி நிறைய தங்கியிருந்தது. கொட்டிவிடவா என்று கல்யாணப் பெண் கேட்டாள். உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.